கைசர் காலத்து ஃபெனிக் காசுகள்: எங்கே தொடங்குவது?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. பழைய பொருள் சந்தையில் ஒரு தகர டப்பா நிறையச் சில்லறைக் காசுகளை வாங்கியிருக்கிறார். பெரும்பாலானவை கழுகு பொறித்த ஃபெனிக்குகள், அதாவது ஜெர்மனியின் பழைய சில்லறைக் காசுகள், 1870களிலிருந்து 1922 வரை ஆண்டு போட்டவை. ஒரு செப்புக்காசில் மட்டும் ஒரு பக்கம் கழுகு, மறு பக்கம் அரபி எழுத்து. "இவற்றுக்கு விலை இருக்கிறதா? இதை ஒழுங்கான சேகரிப்பாக வளர்க்க எங்கே தொடங்குவது? அந்த அரபிக் காசு என்ன?" என்கிறார்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். நூறு வருடம் பழையது என்பதால் மட்டும் ஒரு காசுக்கு விலை வந்துவிடாது. இந்தக் காசுகளைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். தேய்ந்துபோன சாதாரண 10 ஃபெனிக் இன்றும் ஒரு யூரோவுக்குக் குறைவாகவே கிடைக்கும். சேகரிக்கிறவருக்கு இது நல்ல செய்தி. ஒரு பேரரசு பிறந்ததிலிருந்து சாய்ந்தது வரைக்குமான கதையை, மாதச் சம்பளத்தில் கை வைக்காமல் மேசையில் பரப்பிப் பார்க்கலாம் என்றால் அதற்கு இதைவிடப் பொருத்தமான காசு வரிசை எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது கேள்விக்கு என் ஆலோசனை: எல்லாவற்றையும் சேர்க்கப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு மதிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் 10 ஃபெனிக். ஏன் என்று சொல்வதற்கு முன், கையில் இருக்கும் காசை எப்படிப் படிப்பது என்று பார்த்துவிடலாம்.

1871இல் ஜெர்மன் பேரரசு உருவானபோது அதற்குள் ஒரே பணம் இல்லை. வடக்கே தாலர், தெற்கே குல்டன், ஹாம்பர்க் பக்கம் வேறு கணக்கு. 1871 டிசம்பர் சட்டம் மார்க் என்ற பொது அலகைத் தங்கக் காசுகளுக்குக் கொண்டுவந்தது. 1873 ஜூலை 9ஆம் தேதிச் சட்டம் சில்லறைக்கு ஒழுங்கு செய்தது. ஒரு மார்க்குக்கு 100 ஃபெனிக். இதில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. 2 மார்க்கும் அதற்கு மேலும் உள்ள காசுகளில் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி என்று அந்தந்த நாட்டு மன்னரின் முகமோ, ஹாம்பர்க் போன்ற சுதந்திர நகரமானால் அதன் சின்னமோ இருக்கும். 1 மார்க்கிலும் அதற்குக் கீழும் யார் முகமும் கிடையாது. பேரரசின் கழுகு, மதிப்பு, ஆண்டு, அவ்வளவுதான். ஆகவே கைசர் (ஜெர்மன் பேரரசர்) காலக் காசு என்று நாம் சொன்னாலும் உங்கள் டப்பாவில் கைசரைத் தேடினால் கிடைக்க மாட்டார். பவேரியாவின் உழவரும் பெர்லினின் ஆலைத் தொழிலாளியும் ஒரே மாதிரிக் காசைக் கொடுத்து ரொட்டி வாங்கினார்கள். ஜெர்மனி ஒரே நாடாகிவிட்டது என்பதைச் சாதாரண மக்கள் தினமும் கையால் தொட்டு உணர்ந்தது இந்தச் சில்லறையில்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதே சட்டம் சில்லறைக்குக் கடிவாளமும் போட்டது. ஒரே நேரத்தில் 20 மார்க்குக்கு மேல் வெள்ளிக் காசையோ, 1 மார்க்குக்கு மேல் நிக்கல், செம்புக் காசையோ வாங்கிக்கொள்ள யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நாட்டில் புழங்கும் நிக்கல், செம்புக் காசுகளின் மொத்த மதிப்பு தலைக்கு இரண்டரை மார்க்கைத் தாண்டக் கூடாது என்றும் வைத்தார்கள். உண்மையான பணம் தங்கம்தான், சில்லறை வெறும் வசதிக்கு என்பது அந்தக் காலத்து எண்ணம்.

கழுகுப் பக்கத்தில் வாலருகே சின்னதாக ஓர் எழுத்து தெரியும். அதுதான் எந்த நாணயச் சாலையில் அடித்தது என்பதைச் சொல்வது. ஏ என்றால் பெர்லின், பி ஹனோவர், சி பிராங்பர்ட், டி மியூனிக், இ சாக்சனி, எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹ, எச் டார்ம்ஸ்டாட், ஜே ஹாம்பர்க். ஹாம்பர்க் 1875இல்தான் சேர்ந்தது. ஹனோவர் 1878இல் மூடப்பட்டது, 1880ஐ ஒட்டி பிராங்பர்ட்டும் நின்றது, 1882இல் டார்ம்ஸ்டாட். எனவே பி, சி, எச் எழுத்துள்ள காசைக் கண்டால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். அவை எல்லாமே அரிது என்று சொல்ல வரவில்லை. அடித்த காலம் குறைவு, நல்ல நிலையில் மிஞ்சியவை இன்னும் குறைவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சாக்சனியின் இ. 1886 வரை அந்த எழுத்து டிரெஸ்டன் நகரைக் குறித்தது. 1887 முதல் அதே எழுத்து முல்டன்ஹூட்டனுக்குப் போனது. அது ஃப்ரைபெர்க் என்ற சுரங்க நகருக்குப் பக்கத்தில் இருக்கும் உலோக உருக்காலைகளின் ஊர். சாக்சனியின் தலைநகரத்திலிருந்த நாணயச் சாலையைத் தூக்கிக்கொண்டுபோய் உலோகம் உருகும் இடத்திலேயே வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் 1953 வரை அங்கே காசு அடித்தார்கள். ஏ, டி, எஃப், ஜி, ஜே ஐந்தும் இன்றைக்கும் வேலை செய்கின்றன. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஜெர்மன் யூரோக் காசைத் திருப்பிப் பாருங்கள், அதே எழுத்துகள்தான்.

அப்புறம் கழுகு. 1889 வரை அடித்தவற்றில் கழுகு சிறியது, அதன் மார்பிலுள்ள கேடயம் பெரியது. 1888இல் இரண்டாம் வில்லியம் பட்டத்துக்கு வந்தபின் வடிவத்தை மாற்றினார்கள். 1890 முதல் கழுகு பெரிதாகிக் காசை நிறைக்கிறது, கேடயம் சுருங்கிவிடுகிறது. சேகரிப்பவர்கள் சிறு கழுகு, பெருங்கழுகு என்றே பேசுவார்கள். ஆண்டு தேய்ந்து படிக்க முடியாமல் போனாலும் கழுகைப் பார்த்துக் காலத்தைப் பாதி பிடித்துவிடலாம்.

சரி, ஏன் 10 ஃபெனிக்? பேரரசின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை, ஏன் அதற்குப் பிறகும் கூட, விடாமல் புழங்கி, நாட்டுக்கு என்ன நடந்ததோ அதைத் தன் உலோகத்திலேயே காட்டிய காசு அது. நான்கே வகைகள் போதும், கதை முழுவதும் வந்துவிடும்.

முதல் வகை 1873இல் தொடங்குகிறது. முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். 21 மில்லிமீட்டர் அகலம், சரியாக 4 கிராம் எடை. ஒரு கிலோ உலோகத்துக்கு 250 காசு என்று கணக்குப் போட்டு அமைத்தது. 1876 வரை ஏராளமாக அடித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். மறுபடி 1888, 1889இல் கொஞ்சம். இந்தச் சிறு கழுகுக் காசுகள் பெரும்பாலும் மொட்டையாகத் தேய்ந்தே கிடைக்கின்றன, ஏனென்றால் அவை நாற்பது வருடத்துக்கு மேல் கை மாறிக்கொண்டே இருந்தன. கழுகின் மார்புக் கேடயத்துக்குள் இருக்கும் கோடுகள் தெரியும் ஒரு பிரதி கிடைத்தால் சற்று அதிக விலை கொடுத்தாலும் வாங்குங்கள்.

இரண்டாம் வகை 1890 முதல் 1916 வரை வந்த பெருங்கழுகு. உங்கள் டப்பாவில் மிகுதியாக இருக்கப்போவது இதுதான். ஆறு நாணயச் சாலைகள், இருபத்தைந்து ஆண்டுக்கு மேல். எல்லாச் சாலையும் எல்லா ஆண்டும் அடிக்கவில்லை என்றாலும், ஆண்டும் எழுத்துமாகச் சேர்த்தால் நூற்றுக்கு மேல் வரும். பொறுமையாக நிரப்புவதற்கு உகந்த வரிசை. பெரும் பகுதியைச் சில்லறை விலைக்கே சேர்த்துவிடலாம். கடைசியில் சில கட்டங்கள் மட்டும் காலியாகவே நிற்கும். 1916இல் மியூனிக் அடித்த செம்பு-நிக்கல் காசு அப்படி ஒன்று, மிகவும் அரிது.

அந்த 1916 ஏன் முக்கியம் என்பதுதான் கதையின் திருப்பம். 1914இல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியின் கடல்வழியை அடைத்தது. கவச எஃகுக்கு நிக்கல் வேண்டும், குண்டுக்கும் கம்பிக்கும் செம்பு வேண்டும். காசுக்கு எங்கே போவது? 5 ஃபெனிக் 1915இலேயே இரும்புக்கு மாறியது. 1916இல் 10 ஃபெனிக்கும் இரும்பானது. இதுதான் மூன்றாம் வகை. துருப்பிடிக்காமல் இருக்க மேலே துத்தநாகப் பூச்சு கொடுத்தார்கள். அதனால் புதிதாக இருக்கும்போது ஒரு மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும். 1917இல் நான்காம் வகை வருகிறது: முழுத் துத்தநாகம். இலேசானது, பார்க்கவே ஏழ்மையானது, நாணயச் சாலை எழுத்துகூட இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு ஊரின் எழுத்தையும் பெருமையோடு சுமந்த காசு அடையாளம் இழந்து வருவதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மனம் கனக்கும்.

இரும்பும் துத்தநாகமும் 1922 வரை தொடர்ந்தன. 1918 நவம்பரில் கைசர் நெதர்லாந்துக்குப் போய்விட்டார், நாடு குடியரசாகிவிட்டது. ஆனால் 1919, 1920, 1921, 1922 என்று ஆண்டு போட்ட காசுகளிலும் தலைக்கு மேல் கிரீடம் தாங்கிய அதே பேரரசுக் கழுகு உட்கார்ந்திருக்கிறது. புது அச்சு செதுக்கும் நிலையில் யாரும் இல்லை. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை வந்தபோது 10 ஃபெனிக்குக்கு எந்த அர்த்தமும் மிஞ்சவில்லை. உங்கள் டப்பாவில் 1922 என்று ஆண்டு போட்ட ஒரு காசு இருக்கிறது என்றீர்களே, அதையும் 1870களின் ஒரு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

மற்ற மதிப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1 ஃபெனிக்கும் 2 ஃபெனிக்கும் 95 விழுக்காடு செம்பு, மீதி வெள்ளீயமும் துத்தநாகமும். முறையே 2 கிராம், 3.33 கிராம். 2 ஃபெனிக்கை 1877க்குப் பின் நிறுத்தி 1904இல்தான் மறுபடி தொடங்கினார்கள். 1 ஃபெனிக் 1916 முதல் 1918 வரை அலுமினியத்திலும் வந்தது. ஊதினால் பறக்கும் போல இருக்கும், ஆனால் அதில் சில ஆண்டு-எழுத்துச் சேர்க்கைகள் நல்ல விலை போகின்றன.

20 ஃபெனிக்கின் பாடு பெரும் பாடு. 1873இல் வெள்ளியில் அடித்தார்கள். ஒரு மார்க்கில் 5 கிராம் சுத்த வெள்ளி என்ற கணக்கில் இதற்கு 1 கிராம் வெள்ளிதான் வந்தது. காசு வெறும் 16 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. கைக்கு அடங்காத அந்தச் சின்னக் காசை மக்கள் விரும்பவில்லை. 1887இல் 23 மில்லிமீட்டர் செம்பு-நிக்கலாக மாற்றினார்கள், அதுவும் 1892க்கு மேல் ஓடவில்லை. பிறகு 1909இல் சுத்த நிக்கலில் 25 ஃபெனிக் வந்தது. தானியக் கதிர்கள் சூழ்ந்த, காலத்துக்குப் புதுமையான அழகிய வடிவம். என் கண்ணுக்கு இந்த வரிசையிலேயே அழகான காசு அதுதான். ஆனால் 24 மில்லிமீட்டர் 1 மார்க்குக்குப் பக்கத்தில் 23 மில்லிமீட்டரில் வெள்ளை நிறமாக இன்னொன்றை விட்டால் சந்தைக்காரர்கள் ஏற்பார்களா? 1912இலேயே முடிந்துவிட்டது. 50 ஃபெனிக் வெள்ளிக்கும் அதே தொல்லை, 10 ஃபெனிக்கோடு குழம்பியது. 1905 முதல் அதற்கு ½ மார்க் என்று மதிப்பெழுதி வடிவையும் மாற்றினார்கள். 1918, 1919 ஆண்டு ½ மார்க் கறுப்பாக இருந்தால் அழுக்கு என்று தேய்த்துவிடாதீர்கள். மக்கள் வெள்ளியைப் பதுக்காமல் இருக்க நாணயச் சாலையே கறுப்பாக்கி வெளியிட்டவை உண்டு.

இப்போது நடைமுறை. ஒரு சின்னக் காந்தமும், 0.01 கிராம் வரை காட்டும் தராசும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். இரும்புக் காசும் 25 ஃபெனிக் சுத்த நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். செம்பு-நிக்கல், துத்தநாகம், அலுமினியம் ஒட்டாது. 1916 ஆண்டுக் காசு எந்த உலோகம் என்ற சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும். தராசு வார்ப்புப் போலிகளைப் பிடிக்கும், லென்ஸ் எழுத்து மாற்றியவற்றைப் பிடிக்கும். ஹாம்பர்க்கில் அடித்த 1902ஆம் ஆண்டு 1 ஃபெனிக், கார்ல்ஸ்ரூஹயின் 1896ஆம் ஆண்டு 5 ஃபெனிக் போன்றவை புகழ்பெற்ற அரிய காசுகள். அவற்றை மலிவாக யாராவது நீட்டினால், வேறொரு காசின் ஆண்டையோ எழுத்தையோ சுரண்டி மாற்றியிருக்கலாம் என்ற எண்ணத்தோடே பாருங்கள். எழுத்தைச் சுற்றியுள்ள தளம் மட்டும் வேறு பளபளப்பில் இருந்தால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது. விலை உயர்ந்ததை நிபுணர் சான்றோடு மட்டும் வாங்குங்கள்.

ஜெர்மன் வியாபாரிகள் யேகர் எண் சொல்லித்தான் பேசுவார்கள். குர்ட் யேகர் 1871க்குப் பிந்தைய ஜெர்மன் காசுகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்த எண்கள் அவை. நம்முடைய 10 ஃபெனிக்குக்கு நான்கு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சிறு கழுகு 4, பெருங்கழுகு 13, இரும்பு 298, துத்தநாகம் 299. தரத்தைப் பொறுத்தவரை, ஷோன் என்று போட்டிருந்தால் நன்றாகத் தேய்ந்தது. சேர் ஷோன் என்றால் ஓரளவு தேய்மானம், விவரங்கள் தெரியும். ஃபோர்ட்சூக்லிஷ் என்றால் மிகக் குறைந்த புழக்கம். ஸ்டெம்பல்கிளான்ஸ் என்றால் அச்சிலிருந்து இறங்கிய பளபளப்பு. பெருங்கழுகு வகைக்குச் சேர் ஷோனுக்குக் கீழே போகாதீர்கள், அதற்குக் கீழ் வாங்க அவசியமே இல்லாத அளவுக்குக் கிடைக்கிறது. இரும்பிலும் துத்தநாகத்திலும் நான் இன்னும் கறாராக இருப்பேன். பூச்சு போய்ப் பழுப்பேறிய இரும்பும், வெள்ளைப் பொடி பூத்த துத்தநாகமும் மேலும் கெட்டுக்கொண்டேதான் போகும்.

தயவுசெய்து எதையும் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, பித்தளை பாலீஷ் எதுவும் வேண்டாம். செப்புக்காசின் பழுப்புப் படலம் நூறு வருடம் கட்டிய கவசம், அதை எடுத்துவிட்டால் பாதி விலையும் முழு அழகும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி, நன்றாக உலர்த்தினால் போதும். ஆனால் இரும்புக் காசைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஒட்டும் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோன் நல்லது, சன்னலைத் திறந்துவைத்து, நெருப்புக்குத் தள்ளி. பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் காசின் மேல் பச்சைப் பசையை விடும், ஆகவே வாங்கும்போது பி.வி.சி. இல்லாத உறையா என்று கேட்டு வாங்குங்கள். இந்தச் சேகரிப்பைப் பின்னால் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், கடற்காற்றின் ஈரத்தில் முதலில் விழுவது இரும்புதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, இரும்பையும் துத்தநாகத்தையும் தனித்தனியாக வையுங்கள்.

கடைசியாக அந்த அரபி எழுத்துக் காசு. நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது பேசா. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்காக, அதாவது இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி, ருவாண்டா, புருண்டி நாடுகளாக இருக்கும் இடத்துக்காக, ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனி 1890 முதல் 1892 வரை அடித்தது. அரபிப் பக்கத்தில் ஹிஜ்ரி 1307, 1308, 1309 மூன்றில் ஓர் ஆண்டு இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இதில் சுவையான விஷயம், அங்கே ஜெர்மானியர்கள் மார்க்கைப் புழக்கத்தில் விடவில்லை. அந்தக் கடற்கரை முழுவதும் இந்திய வணிகர்களின் கையோடு வந்த பிரிட்டிஷ் இந்திய ரூபாயே ஓடியது. அதை மீற முடியாமல் ஜெர்மானியர்கள் தங்கள் காசுக்கும் ரூப்பி என்று பெயர் வைத்து, நம் ரூபாயின் எடையிலும் வெள்ளித் தரத்திலுமே அடித்தார்கள். இங்கே ரூபாய்க்கு 64 பைசா, அங்கே ரூப்பிக்கு 64 பேசா. உங்கள் காசின் அருகே விக்டோரியா மகாராணி தலை போட்ட ஒரு கால் அணாவை வைத்துப் பாருங்கள், அளவு ஏறக்குறைய ஒன்றே.

1904இல் பேசாவை விட்டு, ரூப்பிக்கு 100 ஹெல்லர் என்று மாற்றினார்கள். நடுவில் துளையுள்ள செம்பு-நிக்கல் 10 ஹெல்லர் எளிதாகக் கிடைக்கும், 1908, 1909 ஆண்டுகளில் வந்த 5 ஹெல்லர் 37 மில்லிமீட்டர் அகலத்தில் கையை நிறைக்கும் செப்பு வட்டம். இந்தக் காசுகளை அழகுக்காக மட்டும் பார்ப்பது எனக்கு உவப்பில்லை. குடிசை வரியை இந்தப் பணத்தில்தான் வசூலித்தார்கள். அந்த வரியும் கட்டாயப் பருத்திச் சாகுபடியும் சேர்ந்துதான் 1905இல் மாஜி மாஜி கிளர்ச்சி வெடிக்கவும், அதை ஒடுக்கியபோது பெருந்திரளான மக்கள் பட்டினியில் சாகவும் வழிவைத்தன. அந்த நிலத்துக் காசைச் சேர்க்கிறவர் அந்த வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து காசு வருவது நின்றபோது, 1916இல் தபோரா என்ற ஊரின் ரயில்வே பட்டறையிலேயே குண்டுக் கூடுகளின் பித்தளையை உருக்கி 5, 20 ஹெல்லர் அடித்தார்கள். நாணயச் சாலை எழுத்தாகத் தபோராவின் முதல் எழுத்தான டீ (T) இருக்கும். கரடுமுரடான அச்சு, ஒன்றைப் போல ஒன்று இருக்காது. பேசாவோடு சேர்த்துவைக்க இன்னொன்று வேண்டுமென்றால் நான் தேடச் சொல்வது அந்த 20 ஹெல்லரைத்தான். விலை எட்டக்கூடியதே, ஆனால் இதற்கும் போலிகள் உலவுவதால் நாணய வியாபாரியிடம் ரசீதோடு வாங்குங்கள். டப்பாவிலுள்ள பேசாவை இப்போதைக்கு ஃபெனிக்குகளிலிருந்து பிரித்து, பி.வி.சி. இல்லாத உறையில் தனியாகப் போட்டு வையுங்கள். அதன் ஹிஜ்ரி ஆண்டைப் படித்துச் சொன்னால், எந்த ஆண்டு அடித்தது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.